இந்த முறை நான்தான் பரிமாறுவேன்

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து மூன்று சட்டங்கள். ஒன்று, விடியும் முன் எழுவது. இரண்டு, டிவியில் தொடர் எதையும் பார்ப்பதில்லை, கதை எந்த இடத்தில் நின்றாலும் சரி. மூன்று, தேர்வு முடிகிற வரை யாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மூன்றாவதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது வருடமாகக் குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிறேன். என்னோடு படித்தவர்கள், என்னிடம் கேட்டுப் படித்தவர்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அரசு அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். நான் இன்னும் சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில்தான் இருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மேனேஜர் சுடலைமுத்து அண்ணாச்சி அதைப் படிக்கிறவர்களுக்குத் திறந்துவிடுவார். நீள நீளமான சாப்பாட்டு மேசைகள்தான் எங்கள் படிப்பு மேசை. அதனால் எங்கள் குழுவுக்குப் பெயரே பந்தி.

பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு ஆர்டர் வாங்கியவர் அதே ஹாலில் எல்லாருக்கும் இலை போட்டுத் தன் கையால் பரிமாற வேண்டும். கிடைக்காதவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் இதுவரை உட்கார்ந்து சாப்பிட்டவள். யார் போட்ட பாயசத்தில் முந்திரி அதிகம், யாருடையது அடிப்பிடித்தது என்று இன்றைக்கும் கேட்டால் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் வயிறு நிறையும், நெஞ்சு எரியும்.

இந்த ஆசை எனக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மகளுக்குச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தேன். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "அந்தம்மா வந்தாத்தான் ஆகும்." அந்தம்மா வந்தார். காத்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கேட்டு, முடித்து அனுப்பினார். எனக்குச் சம்பளத்தைவிட அந்தப் பேச்சுத்தான் வேண்டும். நான் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தேடி வருகிறவர்களிடம் யாராவது அப்படிச் சொல்ல வேண்டும்.

இதுதான் கடைசித் தடவை. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். கொம்பையா என்று பெயர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

"போன தடவையும் இதத்தான சொன்ன இசக்கி" என்றார்.

போன தடவை சிவப்பு மையில் எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

பந்தியில் படிக்கிற பேச்சிமுத்துவுக்கு ஒரே ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அழுதுவிடுவான் போலிருந்தது. இதைச் சட்டத்தை மீறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் 20, வெள்ளி

வேலையும் நாளும் என்ற பாடம். பன்னிரண்டு பேர் பதினைந்து நாளில் முடிக்கும் வேலையை ஒன்பது பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பேச்சிமுத்து பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு நேராகப் பந்திக்கு வருகிறவன். சட்டையில் பிச்சிப்பூ வாசம் வரும். தமிழும் வரலாறும் தலைகீழாகச் சொல்வான். கணக்கு என்றால் மட்டும் கண் சொருகிவிடும்.

"எக்கா, ஆளு கொறஞ்சா நாளும் கொறையத்தான செய்யும்?" என்றான்.

"உங்க மார்க்கெட்ல பாதிப் பேரு லீவு போட்டா லோடு சீக்கிரம் எறங்குமாடே?"

"எங்க எறங்கும்? முதுகு ஒடிஞ்சிரும்."

"அப்பம் இதையும் அப்படிப் பாரு. பன்னெண்டு பேரு, பதினஞ்சு நாளு. மொத்தம் நூத்தியெண்பது ஆள் கூலி குடுக்கணும். அதே கூலிய ஒம்பது பேருக்குப் பிரி."

இருபது என்று அவன் சொன்னபோது பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். எப்போது நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அப்புறம் ஆளுக்கொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். நான் படிக்க எடுத்துவைத்த வரலாற்றுப் புத்தகம் எடுத்தபடியே கிடந்தது.

வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். நாளையிலிருந்து கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்காருவேன்.

ஜூன் 21, சனி

கடைசி மேசைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஜூலை 4, வெள்ளி

மண்டபத்தில் கல்யாணம். பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து படித்தோம். நாதஸ்வரம் அங்கேயே கேட்டது. பஸ் வரும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். தனியார் பயிற்சி மையம் நடத்துகிறாராம். போன வருடம் தேறிய சில பேரிடம் எங்கே கணக்குப் படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார், எல்லாரும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "எங்ககிட்ட வந்து கிளாஸ் எடுங்க மேடம். உங்களுக்குன்னே ஒரு பேட்ச் போட்டுத் தாரேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றவளைப் பார்த்து, நீ இதுக்குத்தான் லாயக்கு என்று சொல்கிற மாதிரி இருந்தது. "நான் கிளாஸ் எடுக்கிறவ இல்ல சார், பரீட்சை எழுதுறவ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் பஸ் ஏறுகிற வரை புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ரெபேக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பந்தியிலேயே கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள். "ஏங்க்கா அவர வெரட்டுனீய? நல்ல விஷயந்தான சொன்னாரு" என்றாள். அவளுக்கு இருபத்தி மூன்று வயது. அவளுக்கு என்ன தெரியும்?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஆகாத மாதம், எங்களுக்கு நல்ல மாதம். ஒரு கல்யாணமும் கிடையாது. ஹால் முழுவதும் எங்களுக்குத்தான்.

நிம்மதியாகப் படிக்கலாம் என்று போனால் ராஜபாளையத்திலிருந்து ஐந்தாறு பேர் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே அண்ணாச்சி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "எங்கிட்டக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? அந்தம்மா வந்தாத்தான் ஆகும். உக்காருங்க." என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது, இப்போது போய்ப் புது ஆட்கள்!

பழைய கரும்பலகை ஒன்று விலைக்கு வந்தது, வாங்கினேன். நான் எழுதிப் பார்ப்பதற்காக.

ஆகஸ்ட் 2, சனி

கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மண்டபம் அவர்களுக்குப் போய்விட்டது. கடைசி வாரத்தில் படிக்க இடமில்லை என்று எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோவைத் தெருவில் நிறுத்தினார். கரும்பலகையை ஆணி அடித்து மாட்டியதும் அவர்தான்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கேட்டார். "ஏன் இசக்கி, அவங்க கேள்வி கேட்டா நீ சொல்லுத. நீ எப்பம் படிக்க?"

"நாளையிலேர்ந்து."

"சரி" என்றார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை. நான் படிக்கத்தான் போகிறேன். இந்த முறை நான்தான் பரிமாறுவேன். அண்டா யாரிடம் வாடகைக்கு எடுப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேர்வு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பொதுத்தமிழ் முத்து முத்தாகப் போனது. பொது அறிவும் பரவாயில்லை. கணக்கில் ஒரு தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினைந்தில். அடியில் இருக்கும் குழாய் இருபது மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்தால் எப்போது நிறையும்? பார்த்தவுடனே பத்து மணி என்று தெரிந்துவிட்டது. வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே?

நான் போகவில்லை. பேச்சிமுத்து இந்தக் கணக்கில்தான் எப்போதும் விழுவான். பின்னம் என்றாலே அவனுக்கு ஆகாது. பின்னமே இல்லாமல் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கேள்வித்தாளின் ஓரத்தில் மூட்டைக் கணக்காகப் போட்டேன், சரிவரவில்லை. பூக்கூடையாகப் போட்டேன், அதுவும் சரிவரவில்லை. அப்புறம் பாயசம் வந்தது. தொட்டியை அண்டா என்று வை. அண்டா அறுபது வாளி பிடிக்கும். ஒருவன் மணிக்கு ஐந்து வாளி ஊற்றுகிறான், இன்னொருவன் நாலு வாளி. பரிமாறுகிறவன் மூன்று வாளி அள்ளிப் போகிறான். மணிக்கு ஆறு வாளி தங்கும். அறுபது நிறைய எவ்வளவு நேரம்? சின்னப் பிள்ளையும் சொல்லும்.

சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். மீதிக் கணக்குகளை அவசர அவசரமாகப் போட்டேன். சிலவற்றுக்கு நேரமே இல்லை. எதையும் வெறுமனே விடக் கூடாது என்பது விதி, அதனால் எனக்குப் போடத் தெரிந்த கணக்குகளுக்கே 'விடை தெரியவில்லை' என்ற வட்டத்தைக் கருப்பாக்கினேன்.

உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா? பரீட்சை ஹாலில் உட்கார்ந்து அடுத்தவனுக்குப் பாடம் தயார் செய்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சிமுத்துவுக்குப் பாயசக் கணக்கைச் சொன்னேன். "இவ்வளவுதானாக்கா?" என்றான். முகம் அப்படி மலர்ந்தது.

அக்டோபர் 23, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ரெபேக்காவுக்கு மாவட்டத்திலேயே நல்ல ரேங்க். ராஜபாளையத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் தேறிவிட்டார்கள். பேச்சிமுத்துவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கில் எப்போதும் வாங்காத மதிப்பெண் வாங்கியிருக்கிறான், அடுத்த தடவை விடமாட்டேன் என்கிறான்.

என் பெயரும் இருக்கிறது! நம்பரை நாலு தடவை சரிபார்த்தேன். ரேங்க் கீழே கிடக்கிறது. கலந்தாய்வில் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள், மிச்சம் இருக்கிற இடம்தான் வரும். அந்தப் பாயசம் மட்டும் குறுக்கே வராவிட்டால் எங்கேயோ போயிருப்பேன். போகட்டும், எந்த ஊர் கொடுத்தாலும் போவேன். வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். ஹாஸ்டலில் இருந்து மகள் ஃபோனில் ஓவென்று கத்தினாள். நான் அழுதேன். ஒன்பது வருடத்து அழுகை.

டிசம்பர் 21, ஞாயிறு

ரெபேக்கா இன்று பரிமாறினாள். தூத்துக்குடியில் போஸ்டிங். மார்கழி என்பதால் ஹால் சும்மாதான் கிடக்கிறது. முதல் இலை எனக்குத்தான் போட்டாள்.

"ஆபீஸ் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்குக்கா. எனக்குன்னு ஒரு மேசை. வேலைய முடிச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்காங்க. நிம்மதியா இருக்கு" என்றாள். அந்தப் பிள்ளை வீட்டில் எட்டுப் பேர், ஒரு மூலையில் அமைதியாக உட்காரக் கிடைக்காதா என்று ஏங்கியவள். அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் ஏனோ பாயசம் இறங்கவில்லை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று அவள் சொன்னதே மனசில் நின்றது. வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் இப்படி உட்கார்ந்திருப்பது பொறாமையாக இருக்கும். வேறென்ன?

ஜனவரி 8, வியாழன்

நேற்று சென்னையில் கலந்தாய்வு.

வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். காத்திருப்போர் அறையில் எல்லார் கையிலும் சான்றிதழ் ஃபைல், எல்லார் முகத்திலும் பீதி. பக்கத்தில் இருந்த தர்மபுரிப் பொண்ணு எந்தத் துறையை எடுப்பது என்று தெரியாமல் விழித்தாள். எனக்கு ஒன்பது வருடமாக எல்லாத் துறையும் மனப்பாடம். சொன்னேன். முன்வரிசைக்காரர் திரும்பிக் கேட்டார். அவருக்கும் சொன்னேன். ஒருத்தி தன் தம்பி அடுத்த தேர்வு எழுதுகிறான், தொட்டிக் கணக்கு என்றால் ஓடுகிறான் என்றாள். விடுவேனா? பழைய கவர் ஒன்றின் பின்னால் அண்டாவை வரைந்தேன். நாற்காலிகள் திரும்பின. நாலைந்து தலைகள் குனிந்து கவரைப் பார்த்தன. இரண்டாவது ஆள் மணிக்கு நாலு வாளி ஊற்றுகிற இடத்துக்கு வந்திருந்தேன்.

தர்மபுரிப் பொண்ணு என் கையைத் தொட்டாள். "அக்கா, உங்க நம்பரக் கூப்பிடறாங்க."

"இரும்மா, இத முடிச்சிட்டுப் போறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஒன்பது வருடம் காத்திருந்த நம்பர். அதைக் கூப்பிடுகிறார்கள். நான் இரு என்கிறேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி ராஜபாளையத்துப் பிள்ளைகளிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தம்மா வந்தாத்தான் ஆகும். அதே பேச்சு, ஓர் எழுத்து மாறவில்லை. ஆடி மாதமே என் காதில் விழுந்து, நானே இந்த நோட்டில் எரிச்சலோடு எழுதியும் வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது என் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கணக்கை முடித்துவிட்டுத்தான் போனேன்.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். திரையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் இடம் இருந்தது. இளநிலை உதவியாளர். நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வேண்டாம் என்றேன்.

"எழுதிக் குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாதும்மா. நல்லா யோசிச்சீங்களா?"

"ஒன்பது வருஷமா யோசிக்காம இருந்துட்டேன் சார். இப்பத்தான் யோசிச்சேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த நிலக்கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். பஸ் ஏறினோம். விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். எனக்கு ஒரு டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ்வளவு தூரம் போகணுமேன்னு பயந்துட்டு வந்தியா, இல்ல வேண்டாம்னு வந்தியா?"

"வேண்டாம்னு வந்தேன். எனக்குப் பிடிச்ச வேலை அது இல்ல. எனக்கு வேலை இருக்கு."

டீயைக் குடித்து முடித்தார். "அப்பம் சரி. ஆனா இனிமே ஓசிக்குச் சொல்லிக் குடுக்கப்படாது. வேலைன்னா வேலை மாதிரி செய்யணும்."

இந்தச் சரி எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 9, வெள்ளி

தெருவில் பாதிப் பேர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். மீதிப் பேர் என்னிடமே நேரில் வந்து சொல்கிறார்கள். அம்மா ஃபோனில் ஒப்பாரி வைத்தாள். வைக்கட்டும். எனக்கும் உள்ளே பயம் இல்லாமல் இல்லை. ஆனால் படித்தது போதும், இனி நான் தேர்வு எழுதப் போவதில்லை. இதற்குச் சிவப்பு மை தேவைப்படவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அண்ணாச்சியிடம் ஹாலைத் திறந்து தண்ணீர் வைக்கச் சொன்னேன். அண்டாவைப் பார்த்ததும், "யாருக்கும்மா வேலை கெடச்சிருக்கு?" என்றார்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டதா ஊரே சொல்லுது?"

"அது கிருஷ்ணகிரில. இது இங்க. காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச். ஹாலுக்கு வாடகை தந்திருதேன். முகூர்த்த நாளுக்கு எங்க வீட்டு ஷெட்."

அண்ணாச்சி என்னையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் பரிமாறலாம்" என்று சொல்லிவிட்டு இலைக்கட்டைப் பிரித்தார்.

தூத்துக்குடியிலிருந்து ரெபேக்கா வந்திருந்தாள். வீட்டுக்காரர் கூச்சத்தோடு கடைசி இலையில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் உட்கார்ந்தே பார்த்த ஹாலை இன்று நின்றுகொண்டு பார்த்தேன். நிமிர்ந்து என்னைப் பார்க்கிற முகங்களில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியும். எது எந்தக் கணக்கில் திணறும் என்றும் தெரியும். சோறு, சாம்பார், கூட்டு, எல்லாம் என் கையால். பாயச வாளியோடு பேச்சிமுத்துவின் இலைக்கு வந்தபோது அவன் சத்தமாகக் கேட்டான். "எக்கா, மணிக்கு மூணு வாளிதான?"

ஹாலே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் வாளியும் கரண்டியும். அவனுக்கு இரண்டு கரண்டி கூடப் போட்டேன். இந்தப் பாயசத்தில்தான் முந்திரி அதிகம், நானே எண்ணாமல் கொட்டினேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு வகுப்பு. தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடமாட்டேன்.